ஆப்பைப் பிடுங்கின குரங்கும் அரைவிலை ரம்பமும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பழைய மெஷின் வாங்காதீங்கன்னு சொல்ற பதிவு இல்லை இது. என் பட்டறையில (பட்டறைன்னதும் பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க, கார் நிக்காத கார் ஷெட்) இருக்கிறதுல முக்கால்வாசி யாரோ கழிச்சுப் போட்டதுதான். துளை போடற மெஷின் பழசு. வைஸ் பழசு. இழைப்புளி எங்க தாத்தா காலத்துது. பழசு மேல எனக்கு பக்தியே உண்டு.

என் கோபம் வேற. பழைய ஸ்லைடிங் டேபிள் சா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்னு நம்மாளுங்க யார்கிட்ட சொன்னாலும் ஒரே பாட்டைப் பாடறாங்க. "மோட்டார் எத்தனை எச்.பி. பாரு, டேபிள் வார்ப்பு இரும்பான்னு பாரு, விலையைப் பாதியாக் கேளு." அவ்வளவுதான். அந்த மெஷின்ல இருந்து என்னத்தைக் கழட்டி எறிஞ்சிருக்காங்கன்னு பாருன்னு சொல்ல ஒருத்தர் கூட இல்லை. அந்தக் கழட்டின சாமானைப் பத்தித்தான் இந்தப் புலம்பல். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

மரவேலை பக்கமே வராத நண்பர்களுக்காக ரெண்டு வரி. ஒரு மேஜை. அதன் நடுவிலிருந்து வட்ட ரம்பம் எட்டிப் பார்க்கும். அதுதான் டேபிள் சா. அந்த ரம்பத்துக்கு இடது பக்கம், தண்டவாளத்துல ஓடற மாதிரி நீளமான அலுமினிய மேஜை இருந்தா அது ஸ்லைடிங் டேபிள் சா. பலகையை அது மேல வச்சு, மேஜையோடயே சேர்த்துத் தள்ளினா நூல் பிடிச்ச மாதிரி அறுத்துக் கொடுக்கும். 1906-ல ஜெர்மனியில வில்ஹெல்ம் ஆல்டன்டார்ஃப் உருவாக்கின அமைப்பு. நம்ம ஊர் மாடுலர் கிச்சன் பட்டறைகள்ல பேனல் சா, பேனல் சான்னு சொல்றது இதைத்தான்.

எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட்டை தரையில போட்டு, முட்டி போட்டு, கை மெஷினால அறுத்து, கடைசியில அலமாரிக் கதவு ஒரு பக்கம் 2 மி.மீ. இடிக்கறதைப் பார்த்து நொந்து போனவங்களுக்குத்தான் இந்த மெஷின் மேல வர்ற ஆசை புரியும். எனக்கு அந்த ஆசை ரொம்ப வருஷமா.

பெரிய மெஷின் நமக்கு ஆகாது. அதோட மேஜை 3200 மி.மீ. ஓடும். முன்னாடியும் பின்னாடியும் ஓட விட்டா கிட்டத்தட்ட ஆறரை மீட்டர், அதாவது 21 அடி நீளம் இடம் வேணும். எங்க ஷெட்டோட நீளமே 18 அடி. அதனால 1600 மி.மீ. ஓடற சின்ன மாடல் எங்கயாவது கிடைக்குமான்னு தேடிக்கிட்டே இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு பட்டறையை மூடறாங்க, அங்க ஒண்ணு இருக்குன்னு தகவல் வந்துது. 70,000 சொன்னார். பேசி 62,000-க்கு இறங்கினார். வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு பயத்துல நேர்ல பார்க்கிறதுக்கு முன்னாடியே 5,000 ரூபாய் ஜிபே பண்ணிட்டேன். ஆமா, தெரியும், திட்டாதீங்க.

சனிக்கிழமை காலையில போனேன். மெஷின் அழகா இருந்துது, பொய் சொல்லக் கூடாது. பட்டனை அமுக்கினதும் ம்ம்ம்முன்னு ஒரே சீரா சத்தம். பேரிங்ல கரகரப்பு இல்லை. ஓனர் ஒரு துண்டு ப்ளைவுட்டை அறுத்துக் காட்டினார். விளிம்பு கண்ணாடி மாதிரி. மனசுக்குள்ள அதை ஷெட்ல எந்த மூலையில வைக்கலாம்னு ஓட ஆரம்பிச்சிடுச்சு.

பிளேடு நின்னதும் குனிஞ்சு பார்த்தேன். பிளேடுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லை.

"சார், இதுக்குப் பின்னாடி ஒரு தகடு வருமே?"

"எந்தத் தகடு?"

"ரிவிங் நைஃப். பிளேடு கூடவே ஏறி இறங்கும். வளைஞ்சு, சுறா முதுகு மாதிரி இருக்கும்."

"ஓ, அதுவா. அது வாங்கின வாரமே கழட்டியாச்சு சார். காடி எடுக்கும்போது குறுக்க நிக்கும். தொழில் தெரிஞ்சவனுக்கு அதெல்லாம் எதுக்கு?"

"மேல மூடி?"

"அதுவும் அப்பவே போச்சு."

"வச்சிருக்கீங்களா எங்கயாவது?"

"பழைய இரும்போட போட்டாச்சு சார். வேணும்னா ஒண்ணு பண்ணுங்க, அதுக்கு ஒரு மூவாயிரம் கழிச்சுக்கோங்க."

இந்த மூவாயிரத்துக்குத் திரும்ப வர்றேன்.

சின்ன வயசுல பஞ்சதந்திரக் கதையில ஆப்பசைத்த குரங்கைப் படிச்சிருப்பீங்க. தச்சர்கள் பெரிய மரத்தைப் பாதி அறுத்து, பிளவுல ஆப்பைச் சொருகிட்டு சாப்பிடப் போயிடுவாங்க. குரங்கு ஒண்ணு அந்தப் பிளவுல வாலை விட்டு உட்கார்ந்துக்கிட்டு, சும்மா இருக்காம ஆப்பை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிடும். பிளவு மூடிக்கும். குரங்கு கதை முடிஞ்சுது. வேண்டாத வேலையில மூக்கை நுழைக்கக் கூடாதுங்கறதுக்கு நம்ம வாத்தியாருங்க சொன்ன கதை.

ஆனா தச்சர்கள் அந்த ஆப்பை ஏன் சொருகினாங்கன்னு யாரும் கேட்டதில்லை. மரத்துக்குள்ள இறுக்கம் இருக்கு. வளரும்போது காத்து, வெயில், சரிவுன்னு ஒவ்வொண்ணையும் தாங்கித் தாங்கி சேர்த்து வச்ச இறுக்கம். அறுத்ததும் அந்த இறுக்கம் விடுபடும். சில மரம் வாயைப் பிளக்கும், சில மரம் வாயை மூடும். மூடினா ரம்பம் நடுவுல மாட்டிக்கும். அதுக்குத்தான் ஆப்பு. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர் நின்னு இழுவை ரம்பத்துல மரம் அறுத்த காலத்துலயே இந்த அறிவு இருந்துது.

ரிவிங் நைஃப்ங்கறது அதே ஆப்புதான். பிளேடுக்குப் பின்னாடி நின்னு, அறுத்த வாய் மூடிக்காம பார்த்துக்குது. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. இழுவை ரம்பம் மாட்டினா ரெண்டு பேரும் உட்கார்ந்து பீடி பத்த வைக்கலாம். இந்த ரம்பம் மாட்டினா அந்த அவகாசம் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 300 மி.மீ. பிளேடு நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுத்துதுன்னா பல்லோட நுனி விநாடிக்கு 63 மீட்டர் போகுது. மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல. பிளேடோட முன்பக்கப் பற்கள் மரத்தை மேஜை மேல அழுத்தும். அறுக்கறது அதுதான். பின்பக்கப் பற்கள் மேஜைக்கு அடியில இருந்து மேல ஏறி, உங்களைப் பார்த்து வரும். மரம் வாயை மூடி அந்தப் பின்பக்கப் பல்லைக் கவ்வினா, இல்ல லேசா திரும்பி அதுல உரசினா, அந்த வேகத்துல தூக்கி உங்க மேலயே எறியும். கிக்பேக்னு சொல்றாங்களே, அது இதுதான். ஒரு கட்டை வயித்துல வந்து விழறது சின்ன விஷயம். பெரிய விஷயம் என்னன்னா, அந்தக் கட்டையை அழுத்திட்டிருந்த கைக்கு அடியில கட்டை இருக்காது. உடம்பு பாரத்தை முன்னாடி சாய்ச்சுத் தள்ளிட்டிருந்த கை அப்படியே முன்னாடி விழும். முன்னாடி இருக்கிறது என்ன?

இதைத் தடுக்கத்தான் அந்தத் தகடு. தடிமன் பிளேடோட உடம்பை விட அதிகமா, பல் அறுக்கற அகலத்தை விடக் குறைவா இருக்கணும். பல் 3.2 மி.மீ., உடம்பு 2.2 மி.மீ.ன்னா தகடு ரெண்டரையில இருந்து 2.8 வரைக்கும். பல்லுல இருந்து 3 முதல் 8 மி.மீ. இடைவெளியில நிக்கணும். பிளேடை ஏத்தினா ஏறணும், இறக்கினா இறங்கணும், சாய்ச்சா சாயணும். ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்லை. ஒரு தகடு, ஒரு பிடி, ரெண்டு போல்ட்.

இந்தத் தகட்டைக் கழட்டறதுக்கு நம்மாளுங்க சொல்ற சமாதானங்களை வரிசையாப் பார்ப்போம்.

"காடி எடுக்கும்போது தடுக்கும்."

தடுக்காது. ஒழுங்கான ரிவிங் நைஃப் பிளேடோட உச்சியை விட ஒரு இம்மி கீழதான் நிக்கும். காடி எடுக்கும்போது பிளேடு போற பள்ளத்துலயே அதுவும் போகும். சின்ன மாடல்கள்ல பிளேடு மூடியை இந்தத் தகட்டு மேலயே மாட்டியிருப்பாங்க. அப்ப தகடு உயரமா நிக்கும், தடுக்கும். மூடியைக் கழட்டி, தகட்டை இறக்கி வைக்க ஒரு ஸ்பேனரும் ரெண்டு நிமிஷமும் போதும். அந்த ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்க, பத்து வருஷத்துக்கு ஆப்பு இல்லாம ஓட்டறோம்.

"ஸ்லைடிங் டேபிள்ல ஆபத்தே கிடையாது."

இதைச் சொல்றவங்க பாதி சரி. பலகையை ஓடற மேஜையில வச்சு, கிளாம்ப் போட்டு, குறுக்கே அறுத்தா கை ரம்பத்துக்குப் பக்கத்துலயே போக வேண்டியதில்லை. உண்மையிலேயே பாதுகாப்பான முறைதான். ஆனா நம்ம வேலை குறுக்கே அறுக்கறது மட்டுமா? ரெண்டு அங்குலப் பட்டையா நீளவாக்குல கிழிக்கும்போது எல்லாரும் வலது பக்கம் இருக்கிற ஃபென்ஸுக்குத்தான் போறோம். அங்க மரம் ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவுல சிக்கிக்கிட்டு போகுது. அந்த இடத்துல ஓடற மேஜை உங்களைக் காப்பாத்தாது. இதுல வேடிக்கை, ஜாதி மரம் கிழிக்கும்போது ஃபென்ஸைப் பின்னாடி இழுத்து, அதோட முனை பிளேடு நடுவோட நிக்கற மாதிரி வைக்க இந்த மெஷின்கள்லயே வசதி இருக்கு. அறுத்த மரத்துக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். நான் போய்ப் பார்த்த எந்தப் பட்டறையிலயும் யாரும் அதை இழுத்து நான் பார்த்ததில்லை.

"நாம அறுக்கறது ப்ளைவுட்தானே, அது வாயை மூடாது."

ப்ளைவுட் மூடாது, சரி. திரும்பாதா? எட்டடி ஷீட்டைத் தனி ஆளா தள்ளும்போது முக்கால் தூரத்துல ஒரு மூலை லேசா விலகினாலே பின்பக்கப் பல்லுல உரசும். தகடு இருந்தா பலகை பின்பக்கப் பல்லு மேல விலகிப் போகவே இடம் இருக்காது. அதோட, நம்ம ஆளுங்க யார் ப்ளைவுட்டோட நிறுத்தினாங்க? இடிச்ச வீட்டு தேக்கு உத்தரம் மலிவா கிடைச்சா விடுவீங்களா? நான் விட மாட்டேன்.

"அமெரிக்காவுல விரல் பட்டதும் நிக்கிற மெஷினே வந்துடுச்சு. அது இங்க வரும்போது பார்த்துக்கலாம்."

ஸ்டீபன் காஸ்ங்கறவர் 1999-ல யோசிச்சு, 2004-ல சா ஸ்டாப்ங்கற பேர்ல விற்பனைக்கு வந்த மெஷின் அது. தோல் பட்ட சில மில்லி விநாடிகள்ல பிளேடை நிறுத்திடும். அருமையான விஷயம். ஆனா அதைக் காட்டி இதை விடறது, ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வரட்டும் அப்புறம் ஹெல்மெட் போட்டுக்கறேன்னு சொல்றது மாதிரி. தகடு ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பிரிட்டன்ல 1922-ம் வருஷத்து மரவேலை யந்திர விதிகள்லயே இருக்கு. அமெரிக்காக்காரங்கதான் லேட்டு. 2008 வாக்குலதான் அங்க புது மாடல் டேபிள் சாக்களுக்கு ரிவிங் நைஃப் கட்டாயமாச்சு. நம்ம ஊர்ல? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 21-ம் பிரிவு ஓடற பாகங்களுக்கு வேலி போடச் சொல்லிச்சு. அதன் கீழ வந்த 1950-ம் வருஷத்து தமிழ்நாடு விதிகள்ல மரவேலை யந்திரத்துக்குன்னு தனி அட்டவணையே போட்டு, வட்ட ரம்பத்துக்குப் பின்னாடி ரிவிங் நைஃப் வைக்கச் சொல்லியிருந்தாங்க. அமெரிக்காவுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி! காகிதத்துல நாம எப்பவுமே முன்னோடிதான் :-)

"தொழில் தெரிஞ்சவனுக்கு அதெல்லாம் எதுக்கு?"

இதுக்குத்தான் இந்தப் பதிவே.

எனக்கு மரவேலை கத்துக் கொடுத்தவர் ஒரு மேஸ்திரி. எங்க வீட்டு ஜன்னல் வேலைக்கு வந்தவர். நான் சும்மா பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்ததைப் பார்த்துட்டு, "தம்பி, நின்னு பார்த்தா வராது, பிடிங்க"ன்னு உளியைக் கையில கொடுத்தவர். அவர் மூலமட்டம் வச்சுக் கோடு போடற அழகைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். அவருக்குத் தெரியாத தொழிலை யாருக்கும் தெரியும்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

அவர் ஒரு மாடுலர் கிச்சன் பட்டறையில சேர்ந்தார். மாசச் சம்பளம், வெயில் இல்லை, சந்தோஷமா இருந்தார். அங்க பேனல் சா இருந்துது. ஆப்பு இல்லை. அவர் கழட்டலை, அவர் சேரும்போதே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் தேக்குப் பட்டை கிழிச்சுட்டிருந்தார். நூறாவது பட்டையோ இருநூறாவது பட்டையோ. வாயை மூடிடுச்சு. கட்டை போச்சு, கை முன்னாடி விழுந்துது. வலது கை ஆள்காட்டி விரல் ரெண்டு கணு, நடுவிரல் ஒரு கணு.

முதலாளி ஆஸ்பத்திரி செலவைக் கொடுத்தார். நல்லவர்னு எல்லாரும் சொன்னாங்க. 1923-ம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல ஒரு அட்டவணை உண்டு. எந்த விரல் எவ்வளவு போனா சம்பாதிக்கிற சக்தி எத்தனை சதவீதம் போச்சுன்னு அதுல போட்டிருந்தாங்க. ஆள்காட்டி விரல் முழுசாப் போனா 14. ரெண்டு கணுன்னா 11. நடுவிரல்ல ஒரு கணு 7. ஆக நம்ம மேஸ்திரிக்குக் கணக்கு 18 சதவீதம். உளி பிடிக்கிற தச்சனுக்கு வலது கை ஆள்காட்டி விரல் 11 சதவீதம்தானான்னு அந்த அட்டவணை போட்டவங்களைக் கேட்கணும். அதை விடுங்க, அந்தப் 18 சதவீதமாவது கிடைச்சுதா? பட்டறைப் பதிவேட்டுல அவர் பேரே இல்லை.

ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தேன். உளியை இடது கையில பிடிச்சுப் பழகிட்டிருந்தார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர்தான் சொன்னார். "கவனம் தப்பிடுச்சு தம்பி. என் தப்புதான்."

அவர் சொன்னது இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறலை. இருபத்திரண்டு வருஷம் தொழில் பண்ணவர். ஒரு நாளைக்கு இருநூறு தடவைன்னு வச்சாலும் எத்தனை லட்சம் அறுப்பு! அதுல ஒரு தடவை கவனம் தப்பிடுச்சாம். தப்பாம இருக்கிறவன் யார்? தப்பும்னு தெரிஞ்சுதானே அந்த மெஷினைச் செஞ்சவன் தகட்டை வச்சான்? அதைக் கழட்டினவன் பேர் இந்தக் கதையில எங்கயுமே வரலை, கவனிச்சீங்களா? "தொழில் தெரிஞ்சவனுக்கு எதுக்கு"ங்கற ஒரு வாக்கியம் அந்த வேலையைச் சுத்தமா செஞ்சு முடிச்சிடுது. விரல் இருந்தா தொழில் தெரிஞ்சவன், தகடு தேவையில்லை. விரல் போனா தொழில் தெரியாதவன், அவன் தப்பு. எந்தப் பக்கம் விழுந்தாலும் தகட்டைக் கழட்டினவனுக்கு ஒரு கீறல் கிடையாது.

இதைப் பட்டறை முதலாளி சொன்னா அவருக்கு லாபம்னு புரிஞ்சுக்கலாம். ஆனா ஐ.டி. வேலை பார்த்துட்டு சனி, ஞாயிறு மட்டும் மரம் அறுக்கிற நாம இதை ஏன் சொல்றோம்? மேஸ்திரி ஒரு நாள்ல அறுக்கறதை நாம ஒரு வருஷத்துல அறுக்க மாட்டோம். நாம "தொழில் தெரிஞ்சவன்" லிஸ்ட்லயே இல்லை சாமி. வீட்டு ஷெட்டுக்கு இன்ஸ்பெக்டரும் வர மாட்டார், சட்டமும் வராது. பக்கத்துல ஓடி வந்து மெயின் ஸ்விட்சை அணைக்க இன்னொரு ஆள் கூட இருக்க மாட்டார். பட்டறையை விட நமக்குத்தான் அந்தத் தகடு அதிகம் தேவை.

இப்ப அந்த மூவாயிரத்துக்கு வர்றேன். மெஷின்ல மத்ததெல்லாம் இருக்கு, ஒரு தகடு இல்லை, அதுக்கு மூவாயிரம் கழிவு. பார்க்க நியாயமான பேரம்தான். ஆனா அந்த மெஷின் ஏன் அரை விலைக்கு வருதுன்னு யோசிங்க. அது இத்தனை வருஷமா ஆப்பு இல்லாம, வேகமா, ஸ்பேனர் எடுக்கிற ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சு, முதலுக்கு மேல சம்பாதிச்சுக் கொடுத்தாச்சு. அந்த மிச்சம் முழுக்க ஒருத்தர் பையில போச்சு. ஆபத்து முழுக்க அது முன்னாடி நின்னவங்க கையில இருந்துது. இப்ப அந்த ஆபத்தை மூவாயிரம் ரூபாய் தள்ளுபடியோட நம்ம தலையில கட்டறாங்க. நாம "செம டீல் மச்சி"ன்னு நண்பர்களுக்கு ஃபோட்டோ அனுப்பறோம்.

சரி, திட்டிட்டே இருந்தா ஆச்சா, என்ன பண்ணணும்னு சொல்லுங்கறீங்களா? எனக்குத் தெரிஞ்ச வரிசை இது. வழக்கமா சொல்ற வரிசையைத் தலைகீழாக்கிட்டேன்.

1. முதல்ல மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு பிளேடுக்குப் பின்னாடி பாருங்க. தகடு இருக்கா? இருந்தா பிளேடோட சேர்ந்து ஏறி இறங்குதா?

2. தகடு இல்லைன்னா, மேஜைக்கு அடியில டார்ச் அடிச்சு அதைப் பிடிக்கிற பிடி இருக்கான்னு பாருங்க. பிடி இருந்தா பிழைச்சீங்க. சரியான தடிமன்ல, சுலபத்துல வளையாத கெட்டி எஃகுத் தகட்டை லேசர் கட்டிங் கடையில வெட்டி வாங்கிடலாம். பெரிய செலவு இல்லை. பிடியும் இல்லைன்னா, மெஷின் செஞ்ச கம்பெனியில அந்தப் பாகம் கிடைக்குமான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிற வரைக்கும் ஒரு பைசா கொடுக்காதீங்க. மேஜையில ஒரு தகட்டை வெல்டிங் வச்சு நிறுத்தறது ஆகாது. பிளேடை இறக்கினா அது இறங்காது, அப்புறம் நீங்களே கழட்டி எறிவீங்க.

3. மூடி. ரிவிங் நைஃப் கிக்பேக்கைத் தடுக்கும், ஆனா விரல் பிளேடு மேல படறதை அது தடுக்காது. அதுக்கு மூடிதான்.

4. ஓட விட்டு ஸ்விட்சை அணைச்சு, பிளேடு நிக்க எத்தனை விநாடி ஆகுதுன்னு எண்ணுங்க. ஐரோப்பிய விதிகள் 10 விநாடிக்குள்ள நிக்கணும்னு சொல்லுது. பிரேக் போன பழைய மெஷின்ல நீங்க பேசிட்டே இருப்பீங்க, அது சத்தமில்லாம சுத்திட்டே இருக்கும்.

5. இப்ப மோட்டாரைப் பாருங்க. வீட்டுல ஒரு ஃபேஸ்தான்னா உஷார். வி.எஃப்.டி. போட்டு ஓட்டிக்கலாம்னு சுலபமா சொல்லிடுவாங்க. ஒரு ஃபேஸ்ல ஓடற சாதாரண வி.எஃப்.டி. 230 வோல்ட்டுக்கு மேல தராது. நம்ம ஊர் மோட்டார்ல பொதுவா 3 எச்.பி. வரைக்கும் ஸ்டார்ல கட்டியிருப்பாங்க, டெல்டாவா மாத்திக்கிட்டா 230-ல ஓடும். அதுக்கு மேல இருக்கிறதை 415 வோல்ட்டுக்கே டெல்டாவுல கட்டியிருப்பாங்க. பெரிய பேனல் சாவோட அஞ்சரை எச்.பி. மோட்டார் இந்த வகைதான். அது முழு பலத்தோட ஓடாது. பெயர்ப் பலகையைப் படிச்சுட்டு பேரம் பேசுங்க.

6. கடைசியாத்தான் அழகு. ஓடற மேஜையில ஆட்டம் இருக்கா, அறுத்தா மூலமட்டத்துக்கு நிக்குதா, அடியில வெட்டற குட்டி பிளேடு பெரிய பிளேடோட நேர் கோட்டுல இருக்கா. இதெல்லாம் சரி பண்ணிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், விரல் போகாது.

அம்பத்தூர்ல என்னாச்சுன்னா, டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பிடி இல்லை. போல்ட் இருந்த ரெண்டு ஓட்டையில மரத்தூள் அடைச்சுக் கிடந்துது. மெஷின் எந்தக் கம்பெனின்னு சொல்ற பெயர்ப் பலகையும் இல்லை, அப்புறம் பாகத்தை யார்கிட்ட போய்க் கேட்கிறது? வேண்டாம் சார்னு சொன்னேன். அவருக்குக் கோபம். "இதுக்காகவா சார் விடறீங்க? இதுல வேலை பார்த்த பசங்க எல்லாம் இல்லையா?" அட்வான்ஸ் திரும்ப வராதுன்னார். தெரிஞ்சதுதான். வீட்டுல 5,000 ரூபாய்க்கு வாங்கின பாட்டு தனிக் கதை.

வெளியில வரும்போது அந்தப் பட்டறையில கடைசியா மிச்சமிருந்த பையன் ஒருத்தன் சாமான்களைக் கட்டிட்டிருந்தான். வயசு இருபது இருக்கும். "இதுல நீயா தம்பி அறுப்பே?"ன்னேன். "ஆமாண்ணே"ன்னு சிரிச்சான். பத்து விரலும் இருந்துது. எண்ணிப் பார்த்தேன், வெட்கமில்லாம.

ரெண்டு நாள் கழிச்சு ஓனரே ஃபோன் பண்ணி, மெஷின் 65,000-க்குப் போயிடுச்சுன்னு சொன்னார். நான் விட்டது எவ்வளவு பெரிய நஷ்டம்னு எனக்குத் தெரியணுமாம். வாங்கினவர் யார்னு கேட்டேன். "உங்களை மாதிரிதான் சார், வீட்டுல வச்சு சும்மா ஆசைக்குப் பண்றவர்"ன்னார்.

அந்த ஆள் இதைப் படிக்கிறாரான்னு தெரியாது. படிச்சா, ஐயா, பிளேடுக்குப் பின்னாடி பாருங்க. மேஜைக்கு அடியில ரெண்டு ஓட்டை இருக்கும். அதுல ஒரு ஆப்பு இருந்துது. மெஷினோட வந்தது அது. அந்தப் பிடிக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் அதுல மரம் கிழிக்காதீங்க.

டிஸ்கி: நான் இன்னும் முட்டி போட்டு கை மெஷின்லதான் அறுக்கறேன். அலமாரிக் கதவு இன்னமும் 2 மி.மீ. இடிக்குது. ஆப்போட பழைய மெஷின் எங்கயாவது இருந்தா சொல்லுங்க, அடுத்த சனிக்கிழமையே டார்ச்சோட வந்துடறேன். இந்தத் தடவை முன்கூட்டியே ஜிபே கிடையாது.